ஆடாத பேசின்

மில் முதலாளி தில்லைநாயகம் வீட்டுக் குளியலறையில் கை கழுவும் பேசின் ஆடியது. சுவரில் ஓட்டைகள் விரிந்து போல்ட்டுகள் கழன்றிருந்தன.

முதலாளி பேசினைக் கையால் தாங்கியபடி, பிளம்பர் சவரிமுத்துவை விருந்தாளிகள் முன்னால் அதட்டினார்: “இது ஆடக்கூடாது. டைலில் புதுசா ஓட்டையும் விழக்கூடாது. முடியுமா?”

“முடியுங்க. ஐயா இப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னா ஆடவே ஆடாது.”

விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளியின் முகம் கறுத்தது. “துளை போட்டுத் தொலை!” என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

புதுத் துளையில் போல்ட்டை முறுக்கியதும் பேசின் அசையாமல் நின்றது.

டைல் சில்லுகளைக் கூட்டிய சமையல்காரம்மா சொன்னாள்: “இந்த டைல் ஐயாவோட சம்சாரம் சாகறதுக்கு முன்னால தேடித் தேடி வாங்கினதுப்பா.”

பழைய ஓட்டைகளையே அடைத்து, காயவிட்டு அதிலேயே மாட்டியிருக்கலாம். சவரிமுத்துவுக்கு அது முதலிலேயே தெரியும். நாலு பேர் சிரிக்கட்டும் என்றுதான் சொல்லாமல் விட்டான்.