இரண்டு உருளை, ஒரு ஜீப்

மஞ்சணத்திக் காட்டில் ஒரு செந்நாயும் ஒரு கரடியும் சேர்ந்து ஒரு ஜீப் வைத்திருந்தன. செந்நாயின் பெயர் சிவலை. கரடியின் பெயர் காராளன். வண்டியைப் பழுது பார்ப்பது காராளன், ஓட்டுவது சிவலை.

செந்நாய்கள் கூட்டமாகத்தான் வாழும். சிவலைக்குக் கூட்டம் கிடையாது. ஒரு காட்டுத்தீயில் சிதறிப் போனவை திரும்பி வரவே இல்லை. தனியாக அலைந்து அலைந்து ஒருநாள் கரடியின் கொட்டகைப் பக்கம் வந்து உட்கார்ந்தது. நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று காராளன் ஒன்றும் கேட்கவில்லை. ஜீப்புக்கு அடியில் படுத்தபடியே ஸ்பேனரை எடுத்துத் தரச் சொன்னது. சிவலை எடுத்துக் கொடுத்தது. அதற்குப் பிறகு அது வேறெங்கும் போகவில்லை.

கோடைக்காலத்தில் அந்த ஜீப்புக்குப் பெரிய வேலை இருந்தது. மலை உச்சியில் ஊற்று வற்றிவிடும். நடக்கக் கூடியவை கீழே குளத்துக்கு இறங்கி வந்து குடிக்கும். குட்டி போட்ட மான்களும், கால் ஒடிந்த மிளா மானும், வயதான வரையாடுகளும் இறங்க முடியாது. அவற்றுக்காகச் சிவலை ஜீப்பின் பின்னால் தண்ணீர்ப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும்.

உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு செங்குத்தான ஏற்றம். பீப்பாய்களை நிறைத்துக்கொண்டு போனால் ஜீப் அந்த ஏற்றத்தில் திணறி நின்றுவிடும். அதனால் பாதி பாதியாக நிறைத்துத்தான் போக வேண்டியிருந்தது. பாதித் தண்ணீர் எல்லாருக்கும் போதவில்லை. கடைசியில் நிற்கும் குட்டிகள் பீப்பாயின் அடியை நக்கிவிட்டுப் போகும். சிவலைக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது.

"இன்னும் கொஞ்சம் இழுவை வேணும் அண்ணே" என்று அது காராளனிடம் கேட்டுக்கொண்டே இருந்தது.

காராளனும் விடாமல் முயன்றது. ரோடு போட வந்த மனிதர்கள் விட்டுப் போன ஒரு பெரிய இரும்பு உருளையை அது கொட்டகையில் குழி தோண்டிப் பதித்து வைத்திருந்தது. ஜீப்பின் பின்சக்கரங்களை அதன்மேல் நிறுத்தி, வண்டியைச் சங்கிலியால் மரத்தோடு கட்டி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்க வேண்டும். ஜீப் நகராது, உருளைதான் சுற்றும். உருளையைச் சுற்ற வைக்கும் பலத்தைப் பக்கத்தில் இருக்கும் ஒரு முள் எண்ணாகக் காட்டும். அந்த எண்தான் குதிரைத்திறன்.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்தபோது முள் எண்பத்திரண்டைக் காட்டியது. பிளக்குகளை மாற்றியதும் எண்பத்து நான்கு. வால்வுகளைச் சரி செய்ததும் எண்பத்தைந்து. ஒவ்வொரு எண் கூடும்போதும் கரடி முள்ளுக்கு முன்னால் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த அளவுக்கு ஏற்றத்தில் இழுவையும் கூடத்தான் செய்தது. பீப்பாய்களில் ஒரு சாண் தண்ணீர் அதிகமாக ஏற்ற முடிந்தது. ஆனால் சிவலைக்கு அவசரம்.

அப்போதுதான் மேற்கே ஆற்றங்கரைக் காட்டிலிருந்து ஒரு மைனா வந்தது. அங்கே அயிரை என்று ஒரு நீர்நாய் இருக்கிறதாம். அதுவும் ஒரு ஜீப் வைத்திருக்கிறதாம். இதே மாதிரி ஜீப், இதே இஞ்சின். அயிரையின் கொட்டகையில் இருக்கும் உருளையில் அந்த ஜீப் நூற்று மூன்று காட்டுகிறதாம்.

சிவலை அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தது. ஒரே மாதிரி வண்டி. அங்கே நூற்று மூன்று, இங்கே எண்பத்தைந்து. மீதிப் பலம் எங்கே போனது? அண்ணனுக்குத் தொழில் தெரியவில்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியது அதற்கே பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த நினைப்புப் போகவில்லை.

காராளன் தேனெடுக்கப் போயிருந்த ஒரு நாள், சொல்லாமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு அது ஆற்றங்கரைக்குப் போனது.

அயிரை நல்ல மாதிரி. வந்த விஷயத்தைக் கேட்டது, இஞ்சினைத் தட்டிப் பார்த்தது, பழுது பார்த்தவர் கெட்டிக்காரர் என்று சொன்னது. பிறகு, வேலையைத் தொடங்கும் முன் தன் உருளையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றது.

"அது எதுக்குக்கா? எங்க உருளையிலேயே பார்த்தாச்சு. எண்பத்தஞ்சு" என்றது சிவலை. இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்பது அதன் கவலை.

அயிரை வற்புறுத்தவில்லை. இஞ்சினில் தீப்பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தது. பெட்ரோல் போகும் வழியைக் கொஞ்சம் இறுக்கியது. பிறகு தன் உருளையில் ஏற்றி ஓட்டியது. முள் நூற்று ஒன்றைக் காட்டியது.

சிவலை வரும் வழியெல்லாம் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தது. எண்பத்தைந்தாக இருந்தது, ஒரே மத்தியானத்தில் நூற்று ஒன்று. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் கொட்டகை நெருங்க நெருங்க அது கோபமாக மாறியது. இத்தனை கோடையாகக் குட்டிகள் பீப்பாயை நக்கியது இந்தக் கரடியால்தானே என்று நினைத்தது.

குளத்தங்கரையில் எல்லாரும் தண்ணீர் குடிக்க வந்திருந்த நேரம். காராளன் தேனடையோடு நின்றிருந்தது. சிவலை ஜீப்பை நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி பேசியது.

"நூத்தி ஒண்ணு அண்ணே. ஒரே மத்தியானத்துல. உங்களுக்கு இத்தனை வருஷமா வராதது, அந்த அக்காவுக்கு ஒரே மத்தியானத்துல வந்திருச்சு. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

எல்லாமே காராளனைத் திரும்பிப் பார்த்தன. ஒரு காட்டுப்பன்றி சிரித்தது. காராளன் ஜீப்பைப் பார்த்தது. பிறகு தன் கைகளைப் பார்த்தது. அது தன் உருளையைத் தவிர வேறொரு உருளையைக் கண்டதில்லை. நூற்று ஒன்று என்றால் நூற்று ஒன்றுதான் என்று அதுவும் நம்பிவிட்டது.

தேனடையைச் சிவலையின் பக்கத்தில் வைத்துவிட்டு அது மரங்களுக்குள் நடந்து போனது. இரவுக்குத் திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

கோபம்தான், தானாகத் தணிந்து வந்துவிடும் என்று சிவலை நினைத்துக்கொண்டது. நூற்று ஒன்று இருக்கிறதே என்று பீப்பாய்களை வாய்வரைக்கும் நிறைத்தது. கூடுதலாக இன்னொரு பீப்பாயையும் ஏற்றியது. இன்றைக்கு எல்லாரும் வயிறு நிறையக் குடிக்கலாம் என்று குரங்குகளிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்பியது.

ஏற்றத்தின் பாதியில் இஞ்சினுக்குள் டக்டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. சிவலை ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தியது. சத்தம் கூடியதே தவிர இழுவை கூடவில்லை. ஜீப் நின்றது, பிறகு பின்னால் உருளத் தொடங்கியது. சிவலை பிரேக்கைப் பிடித்து ஸ்டியரிங்கை ஒடித்துப் பாறையோரமாக மோதி நிறுத்தியது. பின்கதவு திறந்துகொண்டது. பீப்பாய்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து உருண்டன. தண்ணீர் சரிவில் ஓடி மண்ணுக்குள் போய்விட்டது.

மேலே விளிம்பில் மான்கள் வரிசையாக நின்று பார்த்தன. கொஞ்ச நேரத்தில் திரும்பிப் போய்விட்டன. சிவலை ஈர மண்ணில் உட்கார்ந்திருந்தது. ஏதாவது ஆகிவிட்டால் திரும்பி, "அண்ணே, இப்ப என்ன பண்ணலாம்?" என்று கேட்பதுதான் அதன் வழக்கம். இப்போதும் திரும்பியது. அண்ணன் அங்கே இல்லை.

மெதுவாக வண்டியைக் கீழே இறக்கிக் கொண்டுவந்து, காராளனின் உருளையில் ஏற்றிக் கட்டியது. தனியாகவே மிதித்தது. முள் ஏறி ஏறி எண்பத்து மூன்றில் நின்றது. சிவலை நம்பாமல் மறுபடி மிதித்தது. மறுபடியும் எண்பத்து மூன்றுதான். காராளன் விட்டுப்போனதைவிட இரண்டு குறைவு.

அது நேராக ஆற்றங்கரைக்குப் போய், ஏமாற்றிவிட்டீர்களே என்று அயிரையிடம் சண்டை போட்டது. அயிரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. பிறகு தன் ஜீப்பை எடுத்துக்கொண்டு சிவலையோடு கிளம்பி வந்தது. நூற்று மூன்று என்று மைனா சொன்ன அதே ஜீப். அதைக் காராளனின் உருளையில் ஏற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தது.

முள் எண்பத்தாறைக் காட்டியது.

சிவலை கிட்டே போய் முள்ளை மறுபடி பார்த்தது.

"என்னோடது சின்ன உருளை, லேசா சுத்தும். இவரோடது கனம். டயர் அழுந்துற விதம் வேற, வண்டியைக் கட்டுற விதம் வேற. என் உருளை எல்லா வண்டிக்கும் அதிகமாத்தான் காட்டும்" என்றது அயிரை. "உன் வண்டி முதல்லயே என் உருளையில கிட்டத்தட்ட நூத்தி மூணு காட்டியிருக்கும். அதைப் பார்க்காம விட்டோம். நானும் பிடிவாதமா பார்த்திருக்கணும். என் கை பட்டு அது குறைஞ்சது எனக்கும் தெரியாமப் போச்சு."

முள்ளின் அடியில் காராளன் கரித்துண்டால் கிழித்து வைத்திருந்த சின்னக் கோடுகளை அயிரை குனிந்து பார்த்தது. இவ்வளவு கனமான உருளையில் எண்பத்தைந்து எடுத்தவரைத் தான் பார்க்க வேண்டும் என்றது. அவர் இங்கே இல்லை என்று மட்டும் சிவலை சொன்னது.

அயிரை போன பிறகு சிவலை மலைக்கு அந்தப் பக்கம் தேடிப் போனது. வழியில் கேட்டுக் கேட்டுப் போய், ஒரு இலுப்பைத் தோப்பில் காராளனைக் கண்டது. கரடி மெலிந்திருந்தது. பக்கத்தில் ஸ்பேனர் இல்லை, சக்கரம் இல்லை, ஒன்றும் இல்லை. உதிர்ந்த பூக்களைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது.

சிவலை எல்லாவற்றையும் சொன்னது. அயிரை தீப்பொறி நேரத்தை முன்னால் தள்ளியது, ஏற்றத்தில் தண்ணீர் கொட்டியது, எண்பத்து மூன்று, அயிரையின் ஜீப் எண்பத்தாறு காட்டியது, ஒன்றையும் மறைக்கவில்லை.

காராளன் தின்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது. "அப்ப என் எண்பத்தஞ்சு குறைச்சல் இல்லையா?"

"இல்லண்ணே. கொஞ்சமும் குறைச்சல் இல்ல."

கரடியின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. நூற்று ஒன்று என்று கேட்ட நாளிலிருந்து, தான் தொட்ட வண்டி எல்லாமே வீண் என்று நினைத்துக் கிடந்ததாகச் சொன்னது.

"வாங்கண்ணே, கொட்டகைக்குப் போகலாம்" என்றது சிவலை.

காராளன் தலையை ஆட்டவில்லை. "எண்ணு சரியாப் போச்சு சிவலை. ஆனா அந்தக் குளத்தங்கரையில எல்லாரும் என்னைப் பார்த்தாங்க பாரு, அதை நான் தாண்டி வர முடியல" என்றது. பிறகு, தீப்பொறி நேரத்தைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்துவிடு, முன்னால் தள்ளி வைத்ததை ஏற்றத்தில் அந்த இஞ்சின் தாங்காது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூக்களைப் பொறுக்கத் தொடங்கியது. சிவலை பொழுது சாயும் வரை சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தது. பிறகு எழுந்து நடந்தது.

அதன்பின் சிவலையே ஜீப்புக்கு அடியில் படுத்தது. தீப்பொறி நேரத்தைத் திருப்பி வைத்தது. பெட்ரோல் வழியைத் தளர்த்தியது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியது. மாற்றும் முன் ஒரு முறை, மாற்றிய பின் ஒரு முறை, இரண்டையும் காராளனின் உருளையிலேயே பார்த்தது. சில மாற்றங்களில் முள் இறங்கியது. அப்போதெல்லாம் பழையபடியே வைத்துவிட்டு வேறொன்றைத் தொட்டது. கை எரிந்தது, நகம் பிய்ந்தது. எண்பத்தைந்துக்கு வந்து சேரவே நெடுநாள் ஆனது. கோடை முடியும் தறுவாயில் முள் எண்பத்தெட்டைத் தொட்டது.

அன்று நிறைந்த பீப்பாய்களோடு ஜீப் அந்த ஏற்றத்தை ஏறிவிட்டது. குட்டிகள் முகம் நனையக் குடித்தன. ஒரு குரங்கு வந்து, ஆற்றங்கரை ஜீப் நூற்று மூன்றாமே, உன்னுடையது எவ்வளவு என்று கேட்டது.

"போன வாரத்தைவிட ஒண்ணு கூட" என்றது சிவலை.

காலிப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு அது தனியாகக் கீழே இறங்கியது. மலைக்கு அந்தப் பக்கம் திரும்பும் வழியில் கொஞ்ச நேரம் இஞ்சினை அணைத்துவிட்டு நின்றது. இலுப்பைத் தோப்புப் பக்கமிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. பிறகு கிளம்பிப் போனது.

வேறொரு உருளையில் வந்த எண்ணை வைத்து நம்மவரின் உழைப்பை அளந்தால், அளவும் தப்பும், ஆளும் நம்மை விட்டுப் போய்விடுவார்.