ஏழு வருஷக் குங்குமம்

குழாய்ச் சாமிக்கு வயது முப்பத்தாறுதான். முன்பு பிளம்பர் வேலை பார்த்தவர், அதனால் அந்தப் பேர். சீடர் தணிகாசலத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. தினமும் வருவார், காலில் விழுவார், போய்விடுவார்.

அன்றைக்கு விழுந்தவர் எழுந்து போகவில்லை.

“என்ன ஐயா?”

“மகளுக்கு ஒன்பது மாசம் சாமி. பிரசவத்துக்கு அனுப்ப மாட்டேன்னு சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க. கிணத்துல தண்ணி இல்லாத வீட்டுல பச்சப் புள்ளைய எதுல குளிப்பாட்டுவீங்கன்னு கேக்கறாங்க.”

“நாலு நாளா மழை பெய்யுதே.”

“பெய்யுது. மாடித் தண்ணி குழாய்ல இறங்கி, தொட்டியில வடிஞ்சு, கிணத்துக்குப் போகணும். எங்க தெருவுலயே மழைநீர்த் தொட்டி முதல்ல கட்டினவன் நான். பக்கத்து வீட்டுக் கிணறு ஏறிடுச்சு, என்னுது ஏறல. நான் என்ன பாவம் செஞ்சேன் சாமி?”

“தொட்டியைக் கவனிக்கறீங்களா?”

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. “ஏழு வருஷமா ஒரு ஆயுத பூஜை தவறினதில்ல. சந்தனம், குங்குமம், பூ எல்லாம் வெச்சுக் கும்பிடறேன். அது மேல ஒருத்தர் கால் பட விடமாட்டேன்.”

சாமி குடையை எடுத்துக்கொண்டு அவர் கூடவே வந்தார்.

வாசலோரம் தொட்டியின் சிமெண்ட் மூடி. அதன் இடுக்கு வழியாகத் தண்ணீர் பொங்கித் தெருவுக்கு ஓடியது. மூடி நடுவில் மழைக்கும் போகாத குங்குமக் கறை.

“கடப்பாரை இருக்கா?”

“பூஜை பண்ணின மூடி சாமி.”

சாமி கையை நீட்டியபடியே நின்றார். தணிகாசலம் போய்க் கொண்டுவந்தார்.

மூடி நகர்ந்தது. மக்கின வேப்பிலை, சேறு, ஒரு பால் கவர். அதற்கு அடியில்தான் ஜல்லியும் மணலும். இரண்டு பேரும் கையாலேயே வாரிப் போட்டார்கள். ஜல்லியைக் கழுவித் திரும்ப உள்ளே போட்டார்கள். பதினெட்டு வாளி சேறு.

கொஞ்ச நேரத்தில் கிணற்றுக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. தணிகாசலம் எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சம்பந்தியம்மாவுக்குப் போன் போடுங்க ஐயா.”

“போடறேன்.” அவர் நகரவில்லை. “அப்ப, நான் ஏழு வருஷம் கும்பிட்டதெல்லாம் வீணா சாமி?”

சாமி வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“என் கால்லயும் ஏழு வருஷமா விழறீங்க. இன்னிக்குத்தான் வாயைத் திறந்து கேட்டிருக்கீங்க.”