மூணு அருவியும் பவளாயி குரலும்

ஒரு தீவுல, சுத்தியும் கடலு, நடுவுல ஒரே காடு, அந்தக் காட்டுக்குள்ள மூணு அருவி. அருவி பாக்க அக்கரையிலருந்து ஜனங்க படகேறி வருவாங்க. அவங்களுக்கு வழிகாட்ட ஒரு அண்ணனும் தங்கச்சியும் இருந்தாங்களாம். அண்ணன் இருளாண்டி, தங்கச்சி பவளாயி. ம் கொட்டு, அப்பதான் சொல்லுவேன்.

ம்.

அண்ணன் முன்னால முள்ளு வெட்டிக்கிட்டுப் போவான். பவளாயி எல்லாருக்கும் பின்னால வருவா. ஒரு ஆளும் காட்டுல விட்டுப்போகக் கூடாதில்ல? அதுக்கு. திருப்பம் வந்தா அண்ணன் நின்னு "கூ..."ம்பான். பின்னாலருந்து அவ "கூ..."ம்பா. அவ குரல் வராம அண்ணன் காலெடுத்து வைக்க மாட்டான். அவங்க அப்பன் சொல்லிக்குடுத்த முறை அது.

ஒருநாள் ஒரு கூட்டம் வந்துச்சு. அதுல ஒரு தொப்பிக்காரர், வாய் ஓயாத மனுஷன்.

மொதல்ல குட்டி அருவி. சலசல சலசலன்னு விழுது. அண்ணன் "கூ..."ன்னான். பவளாயி வாயத் தொறக்குமுன்ன தொப்பிக்காரர் மூக்கப் புடிச்சுக்கிட்டு "கூ..."ன்னார். கூட்டமே சிரிச்சுது. அண்ணனும் சிரிச்சான்.

"நீ எதுக்குண்ணே சிரிக்கிற? இது விளையாட்டா?"

"வந்தவங்க சந்தோசமா இருந்துட்டுப் போகட்டும் புள்ள."

அப்புறம் நடு அருவி. தடதடதடன்னு விழுது. தண்ணி செம்மண்ணாக் கலங்கி, பச்சை இலையா மிதந்து வருது.

"அண்ணே, மேல மழை கொட்டுது. திரும்பிடலாம்."

"என்னம்மா நீ! உங்கண்ணன் புலி மாதிரி நிக்கிறாரு, நீ பூனை மாதிரி பம்முற"ன்னார் தொப்பிக்காரர். புலின்னு சொன்னதும் அண்ணனுக்கு நெஞ்சு நிமிந்துபோச்சு. "இந்தா, இன்னும் கொஞ்ச தூரம்தான்"னு நடந்தான்.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அப்புறம் பெரிய அருவி. ஹோ...ன்னு விழுது! எல்லாரும் வாயப் பொளந்து பாத்தாங்க. பொளந்த வாய மூடுறதுக்குள்ள மழை புடிச்சுக்கிச்சு. திரும்பி வந்தா, போறப்ப கணுக்கால் மட்டும் நனைஞ்ச ஓடையில இப்ப இடுப்பளவு தண்ணி. அண்ணன் கயித்தோட மொதல்ல கடந்து இந்தக் கரை மரத்துல கட்டினான். அந்தக் கரையில பவளாயி நின்னு, ஒவ்வொருத்தரா கயித்தப் புடிக்க வச்சு அனுப்பினா. கடைசி ஆளு ஏறினதும் அண்ணன் கூட்டத்த மேட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். அவ பின்னாலயே வந்துருவான்னு நெனப்பு. அப்போ பட்டுன்னு கயிறு அந்துபோச்சு. அவ அந்தக் கரையிலயே நின்னுட்டா.

திருப்பத்துல அண்ணன் "கூ..."ன்னான். மழைச் சத்தந்தான். மறுபடியும் "கூ..."ன்னான். கூட்டம் வெடவெடன்னு நடுங்குது. "போலாம்பா, போலாம்பா"ங்குது. மூணாவது தடவ "கூ..."ன்னான். "கூ..."ன்னு பதில் வந்துச்சு.

அண்ணன் நடந்தான்.

படகுத்துறைக்கு வந்து பாத்தா பவளாயி இல்ல. தொப்பிக்காரர் தலையக் குனிஞ்சுக்கிட்டு, "நாந்தாம்பா கூவினேன். எல்லாரும் குளிர்ல நடுங்கினாங்க, அதான்"னார். படகு அவங்கள ஏத்திட்டுப் போயிருச்சு. அண்ணன் காட்டுக்குள்ள திரும்பி ஓடினான். ஓடையில வெள்ளம், கால் வைக்க முடியல.

விடிஞ்சு தண்ணி வடிஞ்சுது. அந்தக் கரையில ஒரு மரக்கவட்டையிலருந்து பவளாயி எறங்கினா. காலெல்லாம் அட்டைக்கடி. மெல்லக் கடந்து வந்தா.

"அந்தாளு ஏமாத்திட்டான் தாயி!"ன்னு அண்ணன் அழுதான்.

அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்துச்சு. "நான் கத்துனது கேக்கலையா?"

"மழையில கேக்கல."

"சரி. அந்தாளு கூவுனது கேட்டுச்சுல்ல, அது என் குரல் மாதிரியா இருந்துச்சு?"

அண்ணன் மரத்துல தொங்கின கயித்த அவுக்க ஆரம்பிச்சான்.

"சொல்லுண்ணே. நான் பொறந்ததுலருந்து கேக்குறியே."

"இல்ல. நீ இல்லன்னு தெரிஞ்சுது" அப்படின்னான். "எல்லாரும் போலாம் போலாம்னாங்க. யாராச்சும் கூவிட்டா போதும்னு இருந்துச்சு."

பவளாயி சேலைத் தண்ணியப் பிழிஞ்சா. ரொம்ப நேரம் பிழிஞ்சா.

"வா தாயி, வீட்டுக்குப் போலாம்."

"நீ போ"ன்னா.

வீட்டுப் பக்கம் ஒரு வழி, படகுத்துறைக்கு ஒரு வழி. அவ படகுத்துறை வழியில நடந்தா. "பவளாயி, பவளாயி"ன்னான். அவ திரும்பல. நடந்து போயிட்டா.

போனவ போனா, கதையும் அவளோட போச்சு. கண்ண மூடு.