குச்சி நட்ட தோட்டம்

குச்சியைக் கீழ போடு. போடுன்னா போடு பிரணேஷ், கண்ணைக் குத்திக்கும். தோட்டத்துல நட்டு வெச்சிருந்ததைப் புடுங்கி வாள் சண்டை போட்டிருக்க. அப்பா ஷிப்ட் முடிஞ்சு வந்து பார்த்தாருன்னா இருக்கு உனக்கு.

"ஒரே ஒரு குச்சிதானேக்கா."

ஒரே ஒரு குச்சியா? சரி, படு. கம்பளியை இழுத்துக்க. அது என்ன குச்சின்னு சொல்றேன். ஒரு தடவைதான் சொல்லுவேன். நடுநடுவுல ம் கொட்டணும், கொட்டலைன்னா அங்கேயே நிறுத்திட்டு நான் தூங்கப் போயிடுவேன்.

"ம்."

ஒரு மலையில ஒரு ஆளு, கையில செத்துப்போன பீன்ஸ் செடியை வெச்சுக்கிட்டு, பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கிட்டு நின்னானாம்.

"ஒரு ஊர்ல ஒரு ராஜான்னுதானே ஆரம்பிக்கணும்?"

இந்த மலையில ராஜா கிடையாது. டீ ஃபேக்டரிதான் இருக்கு. அந்த ஆளு ஃபேக்டரியில இலை வாட்டுற இடத்துல வேலை பார்த்தான். பேரு சன்னாசி.

"அப்பா பேரு!"

ஏன், உலகத்துக்கே ஒரு சன்னாசிதானா? இது கதை.

"அப்பாவை அவன் இவன்ங்கிற."

கதையில வர்றவனை அவன்னுதான் சொல்லுவாங்க. குறுக்க பேசாதே. ம் மட்டும்.

"ம்."

அந்தச் சன்னாசிக்கு ஃபேக்டரி லைன்ல, வரிசையா ஒட்டி ஒட்டி இருக்குமே, அதுல ஒரு வீடு. வீடு கம்பெனி வீடு. கரண்ட் கம்பெனி கரண்ட். காலையில சங்கு ஊதினா எந்திரிக்கணும், அதுவும் கம்பெனி சங்கு. ஆனா வீட்டுக்குப் பின்னாடி, ஓடைப் பக்கம் சரிஞ்சு இறங்குற மாதிரி ஒரு துண்டு நிலம். அதுல மட்டும் என்ன நடணும், எங்க நடணும்னு எவனும் வந்து சொல்ல மாட்டான். அவன்தான் முடிவு பண்ணணும். அவனுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். புரியுதா?

"ம்."

அப்புறம், முதல் வருஷம் பீன்ஸ் போட்டான். லைன்ல எல்லாரும் மாட்டுப்பொங்கல் அன்னைக்குத்தான் விதை போடுவாங்க, ஏன்னா அன்னைக்கு ஃபேக்டரி லீவு. எல்லாரும் சரிவுக்குக் கீழ, ஓடை ஓரமாத்தான் போடுவாங்க. அங்க மண்ணு கருப்பா அல்வா மாதிரி இருக்கும், தண்ணியும் பக்கம். சன்னாசியும் அங்கேயே போட்டான். முளைச்சு நல்லா வந்துச்சு. அப்போ ஓடைக்கு அந்தப் பக்கத்துல இருந்து காட்டுமாடு வந்துச்சு. புஸ்... புஸ்ஸுனு மூச்சு விட்டுக்கிட்டே மொறுக் மொறுக்குன்னு அத்தனையையும் தின்னுட்டுப் போயிடுச்சு.

"எவ்ளோ பெரிய காட்டுமாடு?"

உன் ஸ்கூல் வேன் அளவு. ம்?

"ம்."

சன்னாசிக்குக் கோபம் வந்துச்சு. கீழ ஓடை ஓரமா, மண்ணுல பாதி புதையுற மாதிரி தகரத்தை நிறுத்தி, டங் டங் டங்னு வேலி அடிச்சான். காட்டுமாடு வந்து முட்டிப் பார்த்துச்சு. தகரம் டமார்னு சத்தம் போட்டுச்சு. மாடு பயந்து ஓடிப்போச்சு. லைன்ல இருந்த அத்தனை பேரும், சபாஷ்டா சன்னாசின்னு சொல்லி, அவங்க அவங்க தோட்டத்துலயும் தகரம் அடிச்சாங்க. சன்னாசி ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திட்டுத் திரிஞ்சான்.

ரெண்டாவது வருஷம் மறுபடி பீன்ஸ். மாடு வரலை. பனி வந்துச்சு. பொங்கல் முடிஞ்சா பனி போயிடும்னு எல்லாரும் நினைப்பாங்க. அது போகாது. மாசியில ஒரு நாள், போன விருந்தாளி குடையை மறந்துட்டேன்னு திரும்பி வருவாங்க பாரு, அப்படி வரும். காலையில பார்த்தா செடி மேல எல்லாம் சர்க்கரை தூவினாப்ல வெள்ளை. வெயில் பட்டதும் அத்தனை செடியும் வெந்த கீரை மாதிரி தொளதொளன்னு சாஞ்சிடுச்சு.

மூணாவது வருஷம் சன்னாசி உஷாராயிட்டான். பொண்டாட்டியோட பழைய புடவையை எல்லாம் எடுத்துட்டுப் போய்ப் போர்த்தினான்.

"கௌசி! அது பழைய புடவை இல்லடி! எங்க அண்ணன் எடுத்துக் கொடுத்த புடவை!"

அம்மா, நீ அடுப்பைப் பாரும்மா. இது வேற பவளம்.

"எந்தப் பவளம்?"

கதையில வர்ற பொண்டாட்டி பேரும் அம்மா பேருதான், பவளம். ம் கொட்டுடா.

"ம்."

புடவை விடிகாலையில அப்பளம் மாதிரி விறைச்சு நின்னுச்சாம். எடுத்தா மொடமொடங்குது. அடியில பீன்ஸ் அப்படியே செத்துக் கிடக்கு. அந்தச் செடியைத்தான் கையில வெச்சுக்கிட்டு நின்னான்னு சொன்னேன்ல, ஆரம்பத்துல? அப்போ பவளம் சொன்னா, "இந்தாய்யா, மூணு வருஷமாச்சு. நானும் பார்த்துட்டேன். அடுத்த மாட்டுப்பொங்கல் வரைக்கும்தான் உனக்கு டயம். அன்னைக்கு எல்லாரையும் மாதிரி விதை போட்டு ஒழுங்கா வளர்க்கிற வழியைப் பாரு. இல்லையா, அந்த இடத்துல துரைக்கண்ணு மாடு கட்டிக்கட்டும். அவரும் கேட்டுட்டே இருக்காரு. மாடு சாணியாவது போடும்."

பக்கத்து வீட்டுத் துரைக்கண்ணு அப்பவே கொட்டாய் எங்க போடலாம்னு எட்டி எட்டி அளந்து பார்த்துட்டுப் போனான்.

அப்புறம் மழையெல்லாம் ஓஞ்சு, கார்த்திகை கடைசி. பனி ஆரம்பிச்சிடுச்சு. அந்த நேரத்துல தோட்டத்துல எவனுக்கும் வேலை இல்லை. எல்லாரும் அடுப்புப் பக்கமா உட்கார்ந்துட்டாங்க. சன்னாசி மட்டும் ஒரு நாள் காலையில கையைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, வெறும் தோட்டத்துல மேல இருந்து கீழ இறங்கி நடந்தான். மண்ணு தொப் தொப்புன்னு இருந்துச்சு. தொப், தொப், தொப்... நறுக்!

"என்ன நறுக்?"

காலுக்கடியில பனி உடையுது. ஒரு அடி பின்னாடி போனான். தொப். முன்னாடி வெச்சான். நறுக். மறுபடி பின்னாடி. தொப். அதாவது, ஒரே தோட்டம்தான், ஆனா பாதி இடத்துல பனி இருக்கு, பாதி இடத்துல இல்லை. வெயில் வந்ததும் ரெண்டும் ஒண்ணாயிடும், எது எதுன்னே தெரியாது. அதனால, தொப்பும் நறுக்கும் சேர்ற இடத்துல ஒரு குச்சியை ஒடிச்சுக் குத்தி வெச்சான்.

"இந்தக் குச்சியா?"

இந்த மாதிரிக் குச்சி. கீழ போடுன்னேன்ல?

"ம்."

மறுநாளும் நடந்தான். தொப், தொப், நறுக். ஒரு குச்சி. அதுக்கு மறுநாள் இன்னொரு பக்கம். தொப், தொப், நறுக். இன்னொரு குச்சி. மார்கழி முழுக்க இதேதான். விதை இல்லை, உரம் இல்லை, தோட்டம் பூரா குச்சி. துரைக்கண்ணு வேலிக்கு மேல எட்டிப் பார்த்துச் சிரிச்சான். "என்ன மச்சான், குச்சிக்குக் களை எடுத்தாச்சா? காய்ச்சா எங்களுக்கும் ரெண்டு குச்சி கொடு, குழம்பு வைக்கிறோம்." லைன் பொம்பளைங்க எல்லாம் பவளத்தைப் பார்த்து, உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாங்க. அவளுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு.

சன்னாசி மேட்டுல நின்னு பார்த்தான். குச்சி எல்லாம் சேர்ந்து ஒரு கோடு மாதிரி தெரிஞ்சுது. கோடு எப்படி இருந்துச்சு தெரியுமா? சாய்ச்சு வெச்ச தட்டுல ரசம் ஊத்தினா ஓரத்துல தேங்கி நிக்கும்ல, அந்த மாதிரி. பனி கீழ தகரத்தை ஒட்டித் தேங்கி நிக்குது. அவனுக்குச் சந்தேகம். மறுநாள் விடிகாலையில மேட்டுல ஈர இலையைப் போட்டுக் கொளுத்தினான். நெருப்பு இல்ல, புகைதான். புகை மேல போகும்னுதானே நினைப்ப? போகலை. குபுகுபுன்னு கிளம்பி, அப்படியே தரையோட தரையா சரிவுல இறங்குச்சு. பாம்பு மாதிரி. இறங்கிப் போய்த் தகரத்துல முட்டி, போக வழி இல்லாம அங்கேயே நின்னுச்சு. குளிரும் அப்படித்தான் இறங்குது, அங்கேயேதான் நிக்குது.

"தகரம் மாட்டுக்குத்தானே?"

அதான். மாட்டைத் தடுக்க அவன் அடிச்ச தகரம், குளிர் காத்தை ஓடைக்குப் போக விடாம பிடிச்சு வெச்சிருக்கு. அணை கட்டினவன் அவனே. அதைப் பார்த்து லைன் பூரா அணை கட்டியிருக்கு. சன்னாசி தலையில கையை வெச்சு உட்கார்ந்துட்டான். உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான். அப்புறம் கடப்பாரையை எடுத்துட்டு வந்தான். கடகட, கிறீச், டங்! தகரத்தை மண்ணுல இருந்து புடுங்கி, ரெண்டு சாண் தூக்கி மேல ஏத்தி அடிச்சான். அடியில சந்து. சந்துல முள்ளைச் செருகினான். காத்து போகும், மாடு நுழைய முடியாது.

துரைக்கண்ணு ஓடி வந்தான். "யோவ், காட்டுமாட்டுக்கு வாசல் திறந்து விடறியா? இறக்குய்யா தகரத்தை!" பவளமும் கத்தினா, "இறக்குய்யா!"

அவன் இறக்கலை. மறுநாள் போய், தொப், தொப், தொப், தொப்... இன்னும் கீழ போனான், தொப்... கடைசியிலதான் நறுக். கோடு கீழ இறங்கிடுச்சு. குச்சியை எல்லாம் பிடுங்கிக் கீழ நகர்த்தி நட்டான். மறுநாள் இன்னும் கொஞ்சம் நகர்ந்துச்சு.

"ம்."

அப்போ மாட்டுப்பொங்கல் வந்துடுச்சு. லைன்ல எல்லாரும் விதை போடறாங்க. பவளம் விதைக் கிண்ணத்தை அவன் கையில கொடுத்தா. "போடு." சன்னாசி சொன்னான், "இன்னைக்கு இல்ல. குச்சி இன்னும் நகருது. எது எங்கன்னு முடிவாகலை."

அவ்வளவுதான். துரைக்கண்ணு மாடு கட்டற முளைக்கம்பைத் தூக்கிட்டு வந்துட்டான். குச்சிங்களுக்கு நடுவுல வெச்சு டங், டங், டங்னு அடிக்கிறான். பின்னாடியே அவன் மாடு, ம்மான்னு நிக்குது. பொங்கலுக்குக் கொம்புல பெயிண்ட் எல்லாம் அடிச்சு, மணி கட்டி. கெடு வெச்சது பவளம்தானே, அவளால தடுக்க முடியலை. சன்னாசி போய் அந்தக் கம்பு பக்கத்துல நின்னான். சண்டை போடலை. "துரைக்கண்ணு, மாசிப் பனி வர்ற வரைக்கும் பொறு. அது வந்து என் பீன்ஸைத் தொட்டுச்சுன்னா, கொட்டாயை நானே கட்டித் தர்றேன். இந்தத் தகரத்தையும் கூரைக்கு எடுத்துக்க."

தகரம்னதும் துரைக்கண்ணு சரின்னுட்டான். கம்பை மட்டும் புடுங்கலை. இருக்கட்டும், எப்படியும் அடிக்கத்தானே போறேன்னு விட்டுட்டுப் போனான்.

தை பாதியிலதான் குச்சி நகர்றது நின்னுச்சு. அப்புறம்தான் சன்னாசி விதையை எடுத்தான். குச்சிக்கு மேல, தொப் தொப் இடத்துல பீன்ஸ். குச்சிக்குக் கீழ, நறுக் இடத்துல முட்டைக்கோஸும் கேரட்டும், அதுங்களுக்குக் குளிரு பழக்கம். பாத்திரம் கழுவுற தண்ணி ஓடுற இடத்துல கீரை. மார்கழி முழுக்க நடந்து நடந்து எல்லாம் மனசுல போட்டு வெச்சிருந்தான், அதனால ஒரு விதைக்குக் கூட எங்க போடறதுன்னு நின்னு யோசிக்கலை. லைன்ல எல்லார் பீன்ஸும் முட்டி உயரம் வந்துடுச்சு. இவனோடது அப்பத்தான் ரெண்டு இலை. துரைக்கண்ணு தினமும் வந்து அந்தக் கம்பை ஆட்டிப் பார்த்துட்டுப் போவான். சன்னாசிக்கு ராத்திரி தூக்கம் வராது.

"அப்புறம்?"

அப்புறம் மாசியில ஒரு நாள் வந்துச்சு, குடையை மறந்த விருந்தாளி. அந்த வருஷம் மாதிரி பனி அதுக்கு முன்னாடி யாரும் பார்த்ததில்லை. குழாய்ல தண்ணி உறைஞ்சுபோச்சு. விடிஞ்சதும் லைன் பூரா ஐயோ ஐயோன்னு சத்தம். ஒவ்வொரு தோட்டத்துலயும் பீன்ஸ் வெந்த கீரை. பவளம்தான் முதல்ல ஓடினா, செருப்புக் கூடப் போடாம. மேல இருந்து இறங்குறா. தொப், தொப், தொப்.

"நறுக் வந்துச்சா?"

வரலை. தொப், தொப், தொப். பீன்ஸைத் தாண்டிட்டா. பீன்ஸ் பச்சையா நிக்குது! குச்சி வரைக்கும் போனா. குச்சியைத் தாண்டிக் காலை வெச்சா. நறுக்! அங்க முட்டைக்கோஸ் எல்லாம் வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு ஜம்முனு உட்கார்ந்திருக்கு. அவ அங்கேயே நின்னு, லைன் பூரா கேட்கிற மாதிரி கத்தினா. "துரைக்கண்ணு அண்ணே! வந்து பாருங்க! எங்க வீட்டுக் குச்சி காய்ச்சிருக்கு!"

"நான் அப்படியா கத்தினேன்?"

அப்படித்தான்மா கத்தின. எனக்கு முழிப்பே அதுலதான் வந்துச்சு. ...இல்ல, அந்தப் பவளம் கத்தினா.

எல்லாரும் வந்தாங்க. துரைக்கண்ணு குனிஞ்சு தகரத்துக்கு அடியில கையை நீட்டினான். சில்லுனு குளிர் காத்து, ஓடையில தண்ணி ஓடற மாதிரி விரலுக்கு நடுவுல ஓடுது. ரொம்ப நேரம் கையை எடுக்கலை. அப்புறம் எந்திரிச்சு, அவன் அடிச்ச கம்பை அவனே ஆட்டி ஆட்டிப் புடுங்கினான். மாடு கட்டற கம்பைத் தோள்ல வெச்சுக்கிட்டு, "மச்சான், கடப்பாரையைக் கொஞ்சம் கொடு"ன்னான். அன்னைக்குச் சாயங்காலம் லைன் பூரா ஒரே சத்தம். கடகட, கிறீச், டங்! கடகட, கிறீச், டங்! ஒவ்வொரு வீட்டுத் தகரமும் ரெண்டு சாண் மேல ஏறுது. இன்னைக்கும் நம்ம லைன்ல போய்ப் பாரு, எல்லாத் தகரமும் தரைக்கு மேலதான் நிக்கும். ஏன்னு கேட்டா சன்னாசி பேரைச் சொல்லுவாங்க. மேனேஜர் பேரு தெரியாதவனுக்கும் அது தெரியும்.

பவளம் சொன்னாளாம், "ஜெயிச்சாச்சுல்ல, பார்க்க அசிங்கமா இருக்கு, அந்தக் குச்சியை எல்லாம் புடுங்கி அடுப்புல வை." அவன் வைக்கலை. ஏன்னா பனி ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் நகரும். குச்சியும் கூடவே நகரணும். இப்பவும் மார்கழி. இப்பவும் ஒருத்தர் காலையில சங்கு ஊதறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, தொப் தொப்புன்னு நடந்து குச்சி நடறாரு. அதுல ஒண்ணைத்தான் நீ புடுங்கியிருக்க. காலையில என்னோட வந்து, நறுக்குன்னு கேட்கிற இடம் பார்த்து நீயே திருப்பி நடணும். சரியா? ...டேய்? ம் எங்க?

அம்மா, தூங்கிட்டான்மா. லைட்டை அணைக்கிறேன். கதையும் கம்பளிக்குள்ள போயாச்சு.

குச்சியைக் கீழ போடுன்னு எத்தனை தடவை சொன்னேன். போடலை பாரு, கையில இறுக்கிப் பிடிச்சிருக்கான்.