தூங்க மறுத்த சிப்பு

“டீச்சர், அது தூங்கவே மாட்டேங்குது” என்றார் அற்புதராஜ், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

ஐம்பதைத் தாண்டியவர். மலைக்கிராமங்களில் கண் பரிசோதனை முகாம் நடத்தும் குழுவில் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பு.

நஸீமா அவரைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் ‘டிரைவர்’ என்ற மென்பொருளை, எவரும் படிக்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்துப் பராமரிப்பவர்களில் ஒருத்தி. அவளிடம்தான் அவர் பாடம் கேட்டார்.

“உள்ளே வாங்கண்ணே. எது தூங்கல?”

“கிராபிக்ஸ் சிப்புதான். கண்ணைப் படம் பிடிக்கிறப்ப முழிச்சா போதும், மத்த நேரம் தூங்கணும். தூங்காம பேட்டரியைக் குடிக்குது. போன முகாம்ல மதியத்துக்குள்ள எல்லா லேப்டாப்பும் படுத்துருச்சு. மலை மேல கரண்டு ஏது? அவ்வளவு தூரம் நடந்து வந்த சனம் சும்மா திரும்பிப் போச்சு.”

“டிரைவர்ல பார்த்தீங்களா?”

“வரிவரியா படிச்சுட்டேன். தப்பே கிடைக்கல. நாளைக்கு மறுபடி போறோம்.”

லேப்டாப்பைத் திறந்து வைத்தார். விசிறி இரைந்தது. திரையின் மூலையில் அவரே எழுதிய சின்ன புரோகிராம் ஒன்று நொடிக்கொரு தரம் சிப்பை விசாரித்துப் பதிலைக் காட்டிக்கொண்டிருந்தது.

விழிப்பு. விழிப்பு. விழிப்பு.

நஸீமா அதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஒரு பாயை எடுத்து விரித்தாள்.

“படுங்கண்ணே. கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

டீச்சர் சொல்லை அவர் தட்டியதில்லை. படுத்தார். இமை கனத்தது.

“அண்ணே, தூங்கிட்டீங்களா?”

“இல்ல டீச்சர்.”

மறுபடி இமை கனத்தது.

“தூங்கிட்டீங்களா?”

“இல்ல…”

உடம்பு லேசாகி எங்கோ இறங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே! தூங்கியாச்சா?”

எழுந்து உட்கார்ந்துவிட்டார். “இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா மனுசன் எப்படித் தூங்குவான்?”



அற்புதராஜ் திறந்த வாய் மூடவில்லை. மெல்ல லேப்டாப் பக்கம் திரும்பினார்.

விழிப்பு. விழிப்பு.

தவழ்ந்தே போய்ப் புரோகிராமை நிறுத்தினார்.

விசிறியின் இரைச்சல் தணிந்தது, தேய்ந்தது, நின்றது. தெருவில் ஐஸ்காரர் மணியடித்துக்கொண்டு போவது அப்போதுதான் காதில் விழுந்தது.

“காவலுக்குன்னு போன முகாமுக்கு முன்னாடி இதை எல்லா லேப்டாப்லயும் நானேதான் போட்டேன், டீச்சர்!”

சொல்லும்போதே சிரிப்பு பொங்கியது. நெஞ்சை அழுத்திய பாரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“இப்ப நல்லா தூங்கிருச்சான்னு ஒரே ஒரு தடவை…” என்று கீபோர்டின்மேல் கை வைத்தவர், நஸீமாவின் முகத்தைப் பார்த்தார்.

கையை எடுத்துக்கொண்டார்.