பானைத்தலைக் காவல்காரன்

ஏரிகளுக்கெல்லாம் கரை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், மாறன்பாடி என்றொரு நாட்டில் ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான், ஆனால் கறார் பேர்வழி. மூன்று போகம் தொடர்ந்து விளையாத நிலத்தைப் பிடுங்கி வேறொருவனிடம் கொடுத்துவிடுவார்.

அங்கே பூவாண்டி என்றொரு குடியானவன். அவனுடைய முதல் போகம் வெயிலில் காய்ந்தது. இரண்டாம் போகம் வெள்ளத்தில் போனது. மூன்றாம் போகம் பச்சைப்பசேலென்று எழுந்து நின்றது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியவனுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு குருவிகூட உள்ளே வரக் கூடாது என்று முடிவு கட்டினான்.

கழியைக் குறுக்கே கட்டி ஒரு பொம்மை செய்தான். தலைக்குப் பானை, கண்ணுக்குக் கரி, பல்லுக்குப் புளியங்கொட்டை. போதாதென்று தன் கல்யாணத் தலைப்பாகையையும் அதற்குச் சுற்றிவிட்டான். அதைப் பார்த்து அவன் மாடே மிரண்டது. கதிரே வராத வயலுக்கு எதற்கு இத்தனை காவல் என்று கேட்கிறீர்களா? பயந்தவனிடம் நியாயம் பேச முடியுமா!

காக்கை வரவில்லை, மைனா வரவில்லை, கரிச்சான் குருவியும் வரவில்லை. பூவாண்டி மீசையை முறுக்கிக்கொண்டான்.

புழு வந்தது. இலையைச் சுருட்டி உள்ளே உட்கார்ந்துகொண்டு பச்சையைச் சுரண்டித் தின்றது. சாம்பல் தூவினான். கையால் பொறுக்கினான். ஐயனாருக்குப் பொங்கல் வைத்தான். வயல் வெளுத்துக்கொண்டேதான் போனது.

"இந்த மண்ணை விட்டுட்டு எங்கே போவோம், மருதாயி?" என்று மனைவியிடம் சொல்லி வரப்பிலேயே அழுதான்.

அன்று சாயங்காலம் சுழற்றியடித்த காற்றில் பானை விழுந்து உடைந்தது. தலைப்பாகை பறந்துபோய் வேலியில் மாட்டிக்கொண்டது. காலையில் பார்த்தால், மொட்டையாக நின்ற கழியின் மேல் ஒரு கரிச்சான் வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பூவாண்டி ஓடிப்போய்க் கவணை எடுத்துவந்தான். கவணில் கல்லை வைத்தான்.

மருதாயி அவன் கையைப் பிடித்தாள். "கொஞ்சம் பொறுங்க. நெல்லே இல்லாத வயலுக்கு அது எதுக்கு வந்திருக்குன்னு பாப்போம்."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். கரிச்சான் கீழே பாய்ந்தது, ஒரு புழுவோடு வந்தது. மறுபடி பாய்ந்தது, ஓர் அந்துப்பூச்சியோடு வந்தது. மூன்றாம் முறை மறுபடியும் புழு. பூவாண்டி கவணைக் கீழே போட்டான்.

அன்றே கழிகளை வெட்டிக் குறுக்கே கட்டி வயலெங்கும் நட்டான். ஒன்றுக்கும் முகம் வைக்கவில்லை. கரிச்சான்கள் கூட்டமாக வந்தன, பின்னாலேயே மைனாக்களும் வந்தன. நெற்பயிரின் புதுத் தோகைகள் பச்சையாகவே விரிந்தன. கதிர் முற்றியபோது சிட்டுகள் வந்து கொஞ்சம் கொத்தத்தான் செய்தன. அவன் கை தட்டி விரட்டினான். அவை தின்றது போகக் களம் நிறைந்தது.

வேலியில் வெளுத்துக் கிடந்த தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு, விளைச்சலைப் பார்க்க வந்த ராஜாவின் ஆள் முன்னால் போய் நின்றான். அந்த ஆள் நெல் குவியலைப் பார்த்தான், தலையாட்டினான், போய்விட்டான். நிலம் தங்கியது. அப்பாடா என்று பூவாண்டி விட்ட மூச்சில் களத்துப் பதரெல்லாம் பறந்திருக்கும்.

"எந்தப் பொம்மையப்பா உன் வயலைக் காத்தது?" என்று கேட்டான் பக்கத்து வயல்காரன்.

"அதே பொம்மைதான். மூஞ்சிய மட்டும் எடுத்துட்டேன்," என்றான் பூவாண்டி.

ஆகவே மக்களே, பயத்தில் எல்லோரையும் விரட்டுகிறவன், தன்னைக் காக்க வந்தவரையும் சேர்த்தே விரட்டிவிடுகிறான்.