பல்லில் கடித்த டோக்கன்

“குருவே, நான் சொல்வதை யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். கேட்காமலேயே செத்துப் போகிறார்கள்.”

இப்படி முறையிட்டவர் மாசிலாமணி. கல்யாண மண்டபத்து மேலாளர். நாற்பத்தாறு வயது, முன்வழுக்கை, சட்டைப் பையில் இரண்டு பேனா.

கேட்டுக்கொண்டிருந்த குருவுக்கு வயது பதினாறு. பெயர் சுடர்க்கொடி.

மலைக்கோயில் படிக்கட்டு தொடங்கும் இடத்தில், விடுமுறைக்கு வந்தவள், மாமாவின் செருப்புக் காப்பகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே வந்து அவள் காலடியில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனது. ஒரு குருவுக்கு இதற்குமேல் என்ன தகுதி வேண்டும்?

வந்தவுடன் மாசிலாமணி “பாப்பா, ஒரு சந்தேகம்” என்றுதான் ஆரம்பித்தார்.

“பாப்பா இல்லீங்களே. குருதான் இருக்காங்க. கூப்பிடவா?” என்று அவள் அக்கம்பக்கம் பார்த்தாள்.

அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, மேலே சொன்ன முறையீட்டைச் சொன்னார்.

“யாரு செத்தது?”

அவர் மஞ்சள் பையை மடியில் வைத்துத் திறந்தார். உள்ளே துண்டு. துண்டுக்குள்ளே, பிறந்த குழந்தையைப் போல, கையடக்கமான ஒரு வீடியோ கேம்.

“ஏழு கோட்டை” என்றாள் சுடர்க்கொடி, திரையைத் தட்டாமலேயே.

அந்த ஆட்டம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அதைக் கேள்விப்பட்டுத்தான் அவரும் வந்திருந்தார். ஒரு சின்னப் படை. படையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வைக்கலாம், ஊட்டி வளர்க்கலாம். நாம் யோசித்து முடிக்கும்வரை எதிரி காத்திருக்க மாட்டான், வந்துகொண்டே இருப்பான். விழுந்தவன் விழுந்தவன்தான். ஏழாவது கோட்டையைப் பிடித்து மணியை அடித்தால் மட்டும், விழுந்த அத்தனை பேரும் எழுந்து வருவார்கள். அதற்குள் கடைசி ஆளும் விழுந்துவிட்டால் எல்லாம் அழிந்துபோகும். மறுபடி முதலிலிருந்து.

“உங்களுதா?”

“என் பொண்ணு எழிலியோடது. ரெண்டு வருஷமா வளர்த்த படை. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும்னு பிடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டினேன்.”

“பூட்டினீங்க.”

“பூட்டினேன்.”

“அப்புறம்?”

“சாவி எங்கிட்டதானே இருந்துச்சு.”

குரு, படியேற வந்த ஒருவரிடம் ஒரு ஜோடி செருப்பை வாங்கித் தட்டில் வைத்து டோக்கனை நீட்டினாள்.

“சும்மா என்னதான் இருக்குன்னு பார்த்தேன் பாப்பா… குருவே. பார்க்கப் பார்க்கக் கை நிக்கல. ஆறு கோட்டை எழிலியே பிடிச்சது. ஏழாவதுல எங்கிட்ட இப்ப மிச்சம் ரெண்டே பேரு. மந்திரம் போட்டுக் காயம் ஆத்துற வேப்பிலை. காளை மேல உட்கார்ந்திருக்கிற தொந்தி. எழிலி வெச்ச பேரு. அவளுக்கு உசுரா இருந்த மின்மினி, அந்த வில்லுக்காரப் பொண்ணு, நேத்து விழுந்துட்டா.”

“பரீட்சை எப்ப முடியுது?”

“இன்னைக்குக் கடைசிப் பரீட்சை. மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் கேட்பா. கையில கொடுக்கிறேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

சட்டென்று அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். “அப்பா… என் மின்மினி எங்கேப்பா?”

மாசிலாமணி துள்ளித் திரும்பினார். யாரும் இல்லை. இந்தப் பக்கம் திரும்பினால், சுடர்க்கொடி தாவணி நுனியால் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“எங்க எழிலி குரலேதான்! அவளை உனக்குத் தெரியுமா?”

“தெரியாது. எல்லா வீட்டுலயும் அந்தக் கேள்விக்கு ஒரே குரல்தான்.”

அவர் அவசரமாக மணி பார்த்தார்.

“நீங்க எப்படி ஆடுறீங்க? அதைச் சொல்லுங்க.”

இந்தக் கேள்வி வந்ததும் மாசிலாமணிக்கு உடம்பு நிமிர்ந்தது. “பம்பரமா வேலை வாங்குறேன். ஒருத்தரையும் சும்மா நிக்க விடமாட்டேன். வேப்பிலை மந்திரத்தை ஆரம்பிப்பா, அதுக்குள்ள அம்பு வரும், நகர்த்திடுவேன். தொந்தி ஈட்டியை ஓங்குவான், அதுக்குள்ள பின்னாடி ஒருத்தன் தெரிவான், திருப்பிடுவேன். என் கட்டைவிரலைப் பாருங்க, கொப்புளம். மண்டபத்துல ஐந்நூறு பேர் பந்தியையே இப்படித்தான் நடத்துறேன்!”

“சாப்பாடு நல்லா இருக்குமா?”

“நான் சாப்பிட்டதில்லையே. நேரம் ஏது?”

குரு தலையை ஆட்டினாள். பிறகு கண்ணை மூடி, முதுகை நேராக்கி, தொண்டையைக் கனைத்து, பழைய முனிவர் குரலுக்கு மாறினாள்.

“சீடா! விடை வேண்டுமெனில் முதலில் தொண்டு. அந்த நீலச் செருப்பை எடுத்து மேல் தட்டில் வைப்பாயாக!”

மாசிலாமணி திருதிருவென்று முழித்தார். கோட்டைக்கும் செருப்புக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் மணி பதினொன்று. எழிலி இந்நேரம் விடை எழுதிக்கொண்டிருப்பாள். நீலச் செருப்பை எடுத்தார்.

“வேண்டாம் சீடா! அதோ அந்த அம்மாவுக்கு டோக்கன் கொடுப்பாயாக!”

நீலச் செருப்பை அப்படியே போட்டுவிட்டு டோக்கன் பெட்டிக்கு ஓடினார்.

“டோக்கன் இருக்கட்டும்! குடத்தில் தண்ணீர் இல்லை!”

குடத்தைத் தூக்கினார்.

“குடத்தை விடு! அந்தப் பெரியவரின் செருப்பு எங்கே?”

அரோகரா, அரோகரா என்று கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது, ஏறிய கூட்டம் இறங்கவும் ஆரம்பித்தது. மாசிலாமணி வலது பக்கம் ஓடினால் இடது பக்கம் கூப்பிட்டாள். குனிந்தால் நிமிரச் சொன்னாள். நிமிர்ந்தால் எதற்கு நிமிர்ந்தாய் என்றாள்.

இடையிடையே வாய்க்குள் ஒரு மெட்டை முனகிக்கொண்டும் இருந்தாள். கீழே இறங்கி, மெல்ல மேலே ஏறி, கடைசியில் ஒரு சொட்டுத் தேன் விழுகிற மாதிரி முடிகிற மெட்டு.

“என்ன பாட்டு அது?” என்றார், மூச்சு வாங்க.

“உன் பைக்குள் இருக்கும் பாட்டுதான், சீடா.”

அவர் பையைத் துழாவினார். துண்டு இருந்தது. கேம் இருந்தது. ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. பாட்டு எதுவும் இல்லை.

குழப்பம் தலைக்கேறியது.

இதற்குள் காப்பகத்து வாசலில் ஒரு கலவரம். ஒரு மாமிக்கு ஒரு கால் செருப்பு நீலம், மறு கால் செருப்பு பச்சை. பட்டு வேட்டிக்காரர் ஒருவர் கையில் குழந்தைச் செருப்பு. பெரியவர் கைத்தடியைத் தரையில் தட்டினார்.

“ஏம்ப்பா, வேலைக்குப் புதுசா?”

“வேலை தெரியாதவனை எல்லாம் எதுக்கு வைக்கிறாங்க?” என்றார் பட்டு வேட்டி.

மண்டபத்தில் ஐந்நூறு பேரை மேய்த்த மாசிலாமணிக்குக் காது சிவந்தது. திரும்பி, குருவென்றும் பாராமல் கத்தினார்.

“ஏம்மா, ஒரு வேலையை முடிக்க விடுறியா நீ? நானா வேலை தெரியாதவன்? நீ வாயை மூடியிருந்தா இந்நேரம் எல்லாச் செருப்பும் அதது இடத்துல இருந்திருக்கும்!”

சுடர்க்கொடி வாயை மூடினாள்.

மூடியபடியே மஞ்சள் பையிலிருந்து கேமை எடுத்து, செருப்புத் தட்டின் மேல் பலகையில் அவர் கண்ணுக்கு நேராக நிறுத்தினாள். ஏழாவது கோட்டையைத் தொட்டாள். போர் முரசு ஒலித்தது.

“ஐயையோ! இப்பவா? நிறுத்து! இருக்கிறது ரெண்டே பேரு!”

அவர் பாய்வதற்குள் அவருடைய வலது கையில் மாமியின் நீலச் செருப்புகளைத் திணித்தாள். இடது கையில் பெரியவரின் தோல் செருப்புகள். கத்துவதற்காகத் திறந்த வாயில் ஒரு தகர டோக்கனை வைத்தாள்.

“கீழே போட்டால் யாருடைய செருப்பு என்று தெரியாமல் போய்விடும், சீடா. கவனம்.”

பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு, நிதானமாக மற்றவர்களுக்குச் செருப்புகளைத் தேடிக் கொடுக்கத் தொடங்கினாள்.

மாசிலாமணி நின்றார். இரண்டு கையிலும் செருப்பு. பல்லுக்கிடையில் டோக்கன்.

திரையில் எதிரிகள் கோட்டையிலிருந்து புற்றீசல்போல வந்தார்கள்.

வேப்பிலை கண்ணை மூடி, உள்ளங்கைகளைச் சேர்த்தாள். அவள் மந்திரம் ஆரம்பித்தது. இரண்டு சுரம். இந்த இரண்டு சுரத்தை அவர் நூறு தடவை கேட்டிருக்கிறார்.

ஒரு அம்பு வந்தது.

“ம்ம்ம்!” என்றார். நகரு என்று அர்த்தம். கட்டைவிரல் தோல் செருப்பின் வாரில் அழுந்தியது.

வேப்பிலை நகரவில்லை. அம்பு தோளில் தைத்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

மூன்றாவது சுரம் வந்தது.

இப்படி ஒன்று உண்டா? மாசிலாமணி இமைக்க மறந்தார்.

இன்னொருவன் வாளோடு அவளை நோக்கி ஓடி வந்தான். யாரும் சொல்லாமலேயே தொந்தியின் காளை திரும்பியது. குறுக்கே வந்து நின்றது. தொந்தி ஈட்டியை ஓங்கினான். ஓங்கிய ஈட்டி, இத்தனை நாளில் முதல் தடவையாக, இறங்கியது.

மெட்டு கீழே இறங்கியது. மெல்ல மேலே ஏறியது. கடைசியில் ஒரு சொட்டுத் தேன்போல விழுந்தது.

காலையிலிருந்து அந்தப் பெண் முனகிக்கொண்டிருந்த பாட்டு.

திரை முழுக்கப் பச்சை வெளிச்சம். தொந்தியின் காயம் ஒன்றுகூட மிச்சமில்லை. வேப்பிலை மூச்சு விட்டுக்கொண்டு, மறுபடி கண்ணை மூடினாள். மறுபடி அந்தப் பாட்டு, மறுபடி முழுதாக. காளை முட்டியது. கதவு பிளந்தது. கடைசியாக ஒரு மணிச் சத்தம். மலைமேல் கோயில் மணியா, திரைக்குள் இருக்கும் மணியா என்று மாசிலாமணிக்கு விளங்கவில்லை.

மண்ணிலிருந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். தூசியைத் தட்டிக்கொண்டார்கள். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு மின்மினி எழுந்தாள்.

அவர் கண்ணில் தண்ணீர். துடைக்கக் கை இல்லை.

அப்போது சட்டைப் பையில் செல்போன் அடித்தது.

சுடர்க்கொடி வந்து எடுத்துப் பார்த்தாள். “எழிலி” என்று படித்தாள். பட்டனை அழுத்தி அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, பரீட்சை முடிஞ்சுடுச்சுப்பா. ஆனா…”

வழக்கமாக அந்த “ஆனா”வுக்குமேல் எழிலி பேசியதில்லை. கடைசிக் கேள்வி எழுதினியா, எக்ஸ்ட்ரா பேப்பர் வாங்கினியா, நேரா வீட்டுக்கு வா, இல்ல சித்தி வீட்டுக்குப் போ, இல்ல அங்கேயே நில்லு என்று மாசிலாமணி ஆரம்பித்துவிடுவார்.

எழிலியும் அதற்காகவே நிறுத்தியிருந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

“அப்பா? லைன்ல இருக்கீங்களா?”

“ம்” என்றார்.

பிறகு, பழக்கமில்லாத பாதையில் காலை எடுத்து வைக்கிறவள் மாதிரி, எழிலி மெதுவாகப் பேச ஆரம்பித்தாள்.

“ஆனா எனக்கு ஒண்ணு சொல்லணும்ப்பா. நீங்க திட்டுவீங்கன்னு ரொம்ப நாளா சொல்லல…”

மாமியும் பெரியவரும் வந்து அவர் கையிலிருந்த செருப்புகளை வாங்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். கைகள் காலியாகின. போனை அவரே பிடித்துக்கொண்டார்.

சுடர்க்கொடி உள்ளங்கையை அவர் வாயருகே நீட்டினாள்.

“தொண்டு முடிந்தது. டோக்கனைத் திருப்பிக் கொடுப்பாயாக, சீடா.”

மாசிலாமணி மாட்டேன் என்று தலையை ஆட்டினார். டோக்கனை இன்னும் கெட்டியாகக் கடித்துக்கொண்டார்.